வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் சாறு

நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதை யாராவது என் தொலைபேசிக்கு எடுத்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும். காலையில் முகம் கழுவ முதலே அது கிணுகிணுக்கத் தொடங்கிவிடும். எடுத்துப் பார்த்தால், விஞ்ஞானிகள் மறுபடியும் எதையோ கண்டுபிடித்திருப்பார்கள். ஒரு நாள் இலை, மறுநாள் பட்டை, அதற்கடுத்த நாள் விதை. இது சீனியைக் குறைக்கும், அது கொழுப்பைக் கரைக்கும், மற்றது புற்றுநோயை ஓட ஓட விரட்டும். எந்த விஞ்ஞானி, எந்த ஊர், யாருக்குக் கொடுத்துப் பார்த்தார் என்ற விபரம் ஒன்றும் இருக்காது. கீழே மட்டும் ஒரு வரி இருக்கும்: "மிஸ், இது உண்மையோ?"

மிஸ் என்பது நான்தான். பெயர் ஜெசிந்தா, வீடு பாலையூற்றில். திருகோணமலையில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் மற்றவர்களுடைய இரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்தே தலை நரைத்தவள். பிரியாவிடையன்று புதிதாக வந்த பிள்ளைகள் கேக்கும் ரோல்ஸும் வைத்துவிட்டு, "அனுபவத்தில இருந்து ஒரு கதை சொல்லுங்கோ மிஸ்" என்று கேட்டார்கள். எனக்கு உடனே ஒரு கதை ஞாபகம் வந்தது. வந்ததும் கோபமும் கூடவே வந்துவிட்டது. கோபத்தோடு கேக் வெட்ட ஏலாது என்பதால் அன்றைக்கு இரண்டு நன்றி சொல்லி அமர்ந்துவிட்டேன். இப்போது ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

கொழும்பில் பயிற்சி எடுத்த காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க ஏலாது, பாடம் கடினம், சிங்களம் அதைவிடக் கடினம், எப்படியோ பாஸ் பண்ணினேன். உண்மையான பயிற்சி ஊருக்குத் திரும்பி வந்து றஹீம் சேரின் கையில் அகப்பட்ட பிறகுதான் தொடங்கியது.

றஹீம் சேர் எங்கள் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். கிண்ணியா ஆள். கட்டையான மனிதர், வெள்ளைச் சட்டையின் நீளக் கையை முழங்கைக்குக் கீழே ஒரே அளவில் மடித்துவிட்டிருப்பார். சத்தம் போடமாட்டார். சத்தம் போட்டிருந்தால்கூட நல்லாக இருந்திருக்கும் என்று நான் பல நாள் நினைத்ததுண்டு. ஒரு முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் முகத்தை நிமிர்த்தாமலே, "திரும்பச் செய்" என்பார். செய்து கொண்டுபோனால் மறுபடியும், "திரும்பச் செய்." அவருடைய திரும்பச் செய்யால் நான் தவறவிட்ட பாலையூற்று பஸ்களை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வரும். ஆனால் மூன்றாவது முறை செய்யும்போது சில வேளை முடிவு வேறாக வந்துவிடும். அந்த எரிச்சல் இன்னும் பெரிது.

அவருக்கென்று சில சட்டங்கள் இருந்தன. நோயாளியின் பெயரை நாங்கள் வாசித்து, "நீங்கள்தானே?" என்று கேட்கக்கூடாது, கேட்டால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். பெயரை அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். சிறுநீரைச் சுடச்சுட நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். மேசையில் கிடந்து ஆறியதென்றால், "ஆறின மூத்திரம் பொய் சொல்லும்" என்று அப்படியே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கேட்பார். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று: முடிவை மேசைக்கு அந்தப் பக்கம் சொல்லக்கூடாது. "நாங்க பாக்கிற ஆக்கள் புள்ள. சொல்லுறது டொக்டர்மார்." நோயாளி அழுதாலும், கெஞ்சினாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், வாய் திறக்கக்கூடாது.

இன்னொன்று, அவருடைய கேள்வி. அதைச் சொல்லாவிட்டால் மற்றக் கதை விளங்காது.

சீனி வருத்தத்துக்கு இரத்தம் பார்க்க வேண்டுமென்றால் வெறும் வயிற்றோடு வர வேண்டும். நாங்கள் எல்லாரும், "சாப்பிட்டீங்களோ?" என்றுதான் கேட்போம். அப்போது மூதூர்ப் பக்கத்துச் சனம் லோஞ்ச் என்ற படகில் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்து வரும் காலம். கட்டைபறிச்சானில் இருந்து வந்த ஒரு ஐயாவிடம் கேட்டேன். "ஒண்டும் இல்லை பிள்ளை, பச்சைத் தண்ணி கூடக் குடிக்கேல்லை" என்றார். சீனி எக்கச்சக்கமாக இருந்தது. றஹீம் சேர் வழக்கம்போல், "திரும்பச் செய்" என்றார். அப்படியேதான் வந்தது. எழுந்து போய் அந்த ஐயாவின் பக்கத்தில் இருந்தார்.

"விடிஞ்சதில இருந்து வாய்க்குள்ள என்ன போனது ஐயா?"

"ஒண்டும் இல்லை. லோஞ்ச் ஏற முதல் ஜெட்டியில ஒரு தேத்தண்ணி மட்டும்."

"சீனி போட்டதோ?"

"கொஞ்சம் கூடத்தான் போடச் சொன்னனான். வெறும் வயிறு எல்லோ, லோஞ்சில தலை சுத்தும்."

அந்த ஐயா பொய் சொல்லவில்லை. எங்கள் சனத்துக்குச் சாப்பாடு என்றால் சோறு, இடியப்பம், புட்டு. தேத்தண்ணி சாப்பாடு இல்லை. கசாயம் சாப்பாடு இல்லை. வெற்றிலை சாப்பாடே இல்லை. அன்றிலிருந்து, "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்க எங்களுக்குத் தடை. ஒவ்வொருவரிடமும், "விடிஞ்சதில இருந்து வாய்க்குள்ள என்ன போனது?" என்றுதான் கேட்க வேண்டும். கேட்டால் பாதிச் சனம் கோபிக்கும். ஒரு அம்மா என்னிடம், "நான் என்ன களவெடுத்தே திண்டனான்?" என்று சண்டைக்கே வந்துவிட்டா.

காலம் போனது. லோஞ்சின் இடத்தில் பாலங்கள் வந்தன, எங்கள் கைவேலையின் பெரும்பகுதியை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. றஹீம் சேர் ஓய்வு பெற்றுக் கிண்ணியாவோடு இருந்துவிட்டார். அவருக்கும் சீனி வருத்தம் வந்தது. கிளினிக் நாட்களில் பஸ்ஸில் வந்து வரிசையில் நிற்பார்; முன்னுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். அவருடைய ஒரே மகன் நஸீர் கட்டாரில் வேலை செய்தான்.

இதற்கிடையில்தான் இந்தத் தொலைபேசி விஞ்ஞானம் வந்து சேர்ந்தது. நான் ஆராய்ச்சிக்கு எதிரானவள் இல்லை. வாழ்க்கை முழுவதும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டுதானே சோறு தின்றேன்! ஆராய்ச்சி செய்கிறவர்கள் மிகவும் கவனமாக, சின்னச் சத்தத்தில் பேசுகிற ஆட்கள். இந்தச் செடியின் இந்தப் பகுதியில் இருந்து இதைப் பிரித்தெடுத்தோம், இந்த அளவில் எலிக்குக் கொடுத்தோம், சீனி சற்றுக் குறைந்த மாதிரி இருக்கிறது, மனிதருக்கு எப்படி என்று இன்னும் தெரியாது. அவ்வளவுதான் சொல்வார்கள். அது கடல் தாண்டி, கை மாறி, கிண்ணியா வந்து சேரும்போது எலி செத்துவிடும், இன்னும் தெரியாது என்பதும் செத்துவிடும். தினமும் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் என்பது மட்டும் உயிரோடு இருக்கும். அந்த ஒரு கிளாஸை யார் சேர்த்தது என்று நான் இன்றுவரை தேடுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு ஒரு காலை. றஹீம் சேர் என் முன்னால் கதிரையில் வந்து அமர்ந்தார். மெலிந்திருந்தார். பெயரைக் கேட்டேன், சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு அவருடைய கேள்வியையும் கேட்டேன்.

"விடிஞ்சதில இருந்து வாய்க்குள்ள என்ன போனது சேர்?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னட்டயே கேக்கிறியா புள்ள? ஒண்டும் இல்லை."

சொல்லி முடிக்க முதல் அவருக்கு விக்கல் எடுத்தது. நின்றது, மறுபடியும் எடுத்தது.

"யாரோ நினைக்கினம் சேர்" என்றேன்.

"வேற யாரு, எண்ட மகன்தான்" என்றார். அந்த நேரம் முகத்தில் ஒரு பெருமை.

சீனி அருமையாக வந்தது. பல மாதங்களாக அவ்வளவு நல்ல முடிவு அவருக்கு வரவில்லை. அடுத்தது கிரியேற்றினின். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் இரத்தத்தில் அது ஏறிக்கொண்டு போகும். போன கிளினிக்கில் இருந்ததைவிடப் பல மடங்கு. அவர் சொல்லித்தந்த மாதிரியே, எனக்கு நானே, "திரும்பச் செய்" என்றேன். திரும்பவும் அதேதான்.

சிறுநீரைச் சுடச்சுடச் சுழற்றி, அடியில் படிந்ததைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். தபாலுறையின் பின்பக்கம் போல, சதுரத்துக்குள் குறுக்குக் கோடு போட்ட பளிங்குகள். கல்சியம் ஒட்சலேற்று என்ற உப்பு. அங்கொன்று இங்கொன்று என்றால் நேற்றுக் கீரை தின்றிருக்கிறார் என்று விட்டுவிடலாம். இது தகட்டை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் நெருக்கி அடித்துக்கொண்டு நின்றது. இந்தப் பளிங்கை முதன்முதலில் எனக்குக் காட்டித் தந்தவரே அவர்தான்.

டொக்டருக்கு உடனே போன் பண்ணிச் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். சேர் விறாந்தை வாங்கில் அமர்ந்து விக்கிக்கொண்டு இருந்தார்.

"சேர், உண்மையைச் சொல்லுங்கோ. என்ன குடிச்சனீங்கள்?"

"குடிக்கிறதா? ஒண்டும் இல்லை. சாறு மட்டும்தான். அது பழம் புள்ள."

"என்ன பழம்?"

"காமரங்காய். வீட்டு மரத்தில நல்லாக் காய்ச்சிருக்கு. மகன் அனுப்பி இருந்தான், சீனிக்கு நல்லமாம், ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்களாம். எலியில செஞ்சு பாத்திருக்காங்க."

குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போல இருக்குமே, அந்தப் புளிப்புக் காய்தான். நாளுக்கு எவ்வளவு என்று கேட்டேன். விடிய வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ்.

"இண்டைக்கு?"

"இண்டைக்கு ரெண்டு. கிளினிக் நாள் எல்லோ. முடிவு நல்லா வரட்டும் எண்டு."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் வைக்க முடியாது. எங்கள் சனம் எல்லாம் இப்படித்தான். கிளினிக் வருகிறதென்றால் மூன்று நாளைக்கு முதலே சோற்றைக் குறைப்பார்கள், கண்ட கசாயத்தையும் குடிப்பார்கள், முடிவு நல்லாக வந்தால் டொக்டர் சந்தோஷப்படுவா என்று. நாங்கள் என்ன புள்ளி போடவா இருக்கிறோம்? இவர்களோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை பிடித்த மனிதர், இப்போது அதையே செய்துவிட்டு என் முன்னால் இருந்து விக்குகிறார்.

"நீங்கள் எலியோ சேர்?" என்று கத்தினேன். விறாந்தையில் இருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. அவரைப் பார்த்து நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் கோபிக்கவில்லை. "தகட்டில என்ன இருந்தது?" என்று மட்டும் கேட்டார். நான் சொல்லவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் சொல்லக்கூடாதே! ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

அந்தக் காயில் ஒட்சலேற்று நிறைய உண்டு. வெறும் வயிற்றில் மடமடவென்று ஊற்றினால் அது இரத்தத்துக்குள் ஏறி, சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களில் போய்ப் பளிங்காக அடைத்துக்கொள்ளும். அது போதாதென்று, இன்னொரு பொருளையும் அதே காயில் இரசாயனவியலாளர்கள் பிரித்தெடுத்திருக்கிறார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் ஏலாது. அது மூளையைக் குழப்பும். அதற்கு முதல் அறிகுறி நிற்காத விக்கல். இதுவும் ஆராய்ச்சிதான். இது ஏன் ஒருவருடைய தொலைபேசிக்கும் வருவதில்லை?

அன்றே வார்டில் படுக்க வைத்து, டயலிசிஸ் தொடங்கினார்கள். விக்கல் நாள்கணக்கில் நின்றுநின்று வந்தது. மகன் கட்டாரில் இருந்து புறப்பட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டதும் சேர் எனக்கு ஆளனுப்பினார். போனேன்.

"புள்ள, மகனுக்கு இதைச் சொல்லாத."

"எதை?"

"சாறை. சீனி வருத்தம் முத்தி கிட்னியைப் பாதிச்சிட்டு எண்டு இருக்கட்டும். டொக்டரிட்டயும் சொல்லிட்டன், அது உங்கட விருப்பம் எண்டு அவ சொல்லிட்டா."

"ஏன் சேர்?"

"அவன் ஒவ்வொரு நாளும் சுபஹு தொழுகைக்குப் பிறகு போன் எடுப்பான். குடிச்சீங்களா வாப்பா எண்டு கேப்பான். முந்தி மாசத்துக்கு ஒருக்காத்தான் எடுப்பான். நான் குடிச்சது அதுக்குத்தான் புள்ள, சீனிக்கு இல்லை." கொஞ்ச நேரம் விக்கினார். "மேசைக்கு அந்தப் பக்கம் சொல்லக்கூடாது. ஞாபகம் இருக்கா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இவருடைய சட்டத்தை இத்தனை வருடம் காத்தது இதற்காகவா? ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தேன். அவருக்கு முன்னால் வேறு விதமாகத் தலையாட்ட எனக்குத் தெரியாது.

இரண்டொரு நாளில் நஸீர் வந்துவிட்டான். பார்வையாளர் நேரத்தில் நானும் போயிருந்தேன். விமானக் களைப்போடு, வாப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு இருந்தான். சேரின் முகத்தில் அப்படியொரு நிறைவு. பிறகு நஸீர் ஒரு பையைத் திறந்து பிளாஸ்க் ஒன்றை எடுத்தான்.

"ஆஸ்பத்திரியில உங்களுக்குச் சாறு கிடைச்சிருக்காது எண்டு வீட்ட அடிச்சுக் கொண்டு வந்தனான் வாப்பா."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சேர் என்னைப் பார்த்தார். வாய் திறக்காதே என்ற பார்வை.

"வையுங்க மகன்" என்றார். "பிறகு குடிக்கிறன்."

மகனைக் காப்பாற்றுகிறாராம்! பிளாஸ்க் மூடியைத் திறந்துகொண்டே நஸீர் சொன்னான்:

"வீட்டிலயும் வீணாப் போகேல்ல. உம்மாவும் இப்ப குடிக்கிறா. நீங்க இங்க வந்ததில இருந்து உங்கட பங்கை அவதான் குடிக்கிறா, இண்டைக்கு நான் ரெண்டு பேருக்குமா அடிச்சன். அவட சீனி உங்களைவிடக் கூட எல்லோ."

சேர் எழும்பப் பார்த்தார். ஒரு கையில் குழாய், எழும்ப ஏலவில்லை. என் ஞாபகத்தில் அவர் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான்.

"உம்மாட வாய்க்குள்ள இண்டைக்கு என்ன போனது?"

நஸீர் திகைத்துவிட்டான். "ஒண்டும் இல்லை வாப்பா. வெறும் வயித்தில சாறு மட்டும்…"

"போனை எடு. இப்பவே நிப்பாட்டச் சொல்லு. எடு மகன்!"

"ஏன் வாப்பா?"

"ஏன் எண்டு உம்மா கேட்டா, வாப்பா அதைக் குடிச்சுத்தான் இங்க கிடக்கிறார் எண்டு சொல்லு."

நஸீர் கையில் இருந்த பிளாஸ்கைப் பார்த்தான், வாப்பாவைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். "உண்மையா மிஸ்?" என்று கேட்டான். நான் சேரைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். வேலையில் சேர்ந்த நாளில் இருந்து முதல் தடவையாக மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவரிடம் ஒரு முடிவைச் சொன்னேன். "ஓம் தம்பி" என்றேன்.

அவனுடைய உம்மாவை அன்றைக்கே கூட்டி வந்தார்கள். நானே இரத்தம் எடுத்தேன், நானே பார்த்தேன், நானே திரும்பச் செய்தேன். தப்பிவிட்டா. சில நாள்தான் குடித்திருந்தா, கடவுள் காப்பாற்றினார். சேருடைய சிறுநீரகம் கொஞ்சம் திரும்பி வந்தது, முழுதாக வரவில்லை. விக்கல் நின்றுவிட்டது. டயலிசிஸ் நிற்கவில்லை. நஸீர் கட்டாருக்குத் திரும்பிப் போகவில்லை. இப்போது கிண்ணியாவில் இருந்து ஒவ்வொரு முறையும் வாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறான். மரத்தை வெட்டப் போனவனைச் சேர்தான் தடுத்தாராம். மரம் என்ன செய்தது என்று கேட்டாராம்.

வார்டில் இருந்தபடியே நஸீர் தன்னுடைய குரலிலேயே ஒரு செய்தி பதிந்து, தான் அந்தச் சாறு விஷயத்தை அனுப்பியிருந்த எல்லாருக்கும் அனுப்பினான். என் வாப்பா குடித்தவர், இப்படி ஆகிவிட்டது, தயவு செய்து நிறுத்துங்கள் என்று. அழுகையோடு பேசியிருந்தான். அது எனக்குத் திரும்பி வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்றுவரை ஒருவரும் எனக்கு அதை அனுப்பவில்லை.

மற்றது வந்துவிட்டது. போன கிழமை, லிங்கநகரில் இருக்கும் ஒரு பழைய நோயாளி அனுப்பியிருந்தா. அதே பழம், அதே நட்சத்திரம், அதே விஞ்ஞானிகள், பல தடவை பகிரப்பட்டது என்ற அடையாளம் தலையில். கீழே, "மிஸ், இது உண்மையோ?" பதில் எழுதிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. உடனே போன் எடுத்தேன்.

"அக்கா, விடிஞ்சதில இருந்து வாய்க்குள்ள என்ன போனது?"

"என்ன மிஸ், வணக்கம்கூடச் சொல்லாம?" என்று அந்த அக்கா சிரித்தா. "இண்டைக்குக் கிளினிக் எல்லோ, வெறும் வயிறு. ஒண்டும் போகேல்லை. சாறு மட்டும்தான்."